ஆபீஸ் சாட் லாகின் ஆகாமல் 4 நாள் அலைந்தேன்

நேற்று சாயங்காலம்தான் சரியானது. கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், இதே சிக்கலில் மாட்டியவர்களுக்கு அலைச்சலாவது மிச்சமாகட்டும்.

கடலூர் முதுநகரில் ஒரு பார்சல் கம்பெனிக் கிளையில் பில்லிங் பார்க்கிறேன். தலைமை அலுவலகம் புதுச்சேரியில். எந்தச் சரக்கை ஏற்ற வேண்டும், எதை நிறுத்தி வைக்க வேண்டும் என்பதெல்லாம் ஆபீஸ் சாட்டில்தான் வரும். போனில் சொன்னால் செல்லாது, எழுத்தில் இருக்க வேண்டும். அவர்கள் சர்வரிலேயே ஓடுகிற சாட் அது, எக்ஸ்எம்பிபி என்கிற மெசேஜ் அனுப்பும் முறையில் இயங்குவது.

திங்கள் காலை என் கணினியில் லாகின் ஆகவில்லை. அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்தேன், பலனில்லை. குடோன் கணினிக்குப் போய் என் ஐடி, என் பாஸ்வேர்டு போட்டேன், உடனே திறந்தது. இரண்டுக்கும் ஒரே ரவுட்டர், ஒரே லைன். அப்படியானால் நெட்டும் சரி, சர்வரும் சரி, என் ஐடியும் சரி, கோளாறு இந்த ஒரு பெட்டியில்தான் என்று எனக்கே புரிந்துவிட்டது. புதுச்சேரி ஹெல்ப்டெஸ்க்கிலும் அதையேதான் சொன்னேன்.

"5222 போர்ட் பிளாக் ஆகியிருக்கும் மேடம், நெட்காரங்களைக் கேளுங்க" என்றார் ஹெல்ப்டெஸ்க்காரர். சாட் போய்வரும் வழி அந்த 5222தான், அது உண்மை. ஆனால் அது அடைபட்டிருந்தால் குடோனில் மட்டும் எப்படி ஓடும்? இரண்டு தடவை கேட்டேன். பதில் இல்லை. மதியத்துக்குள் என் புகார் டிக்கெட்டை 'நெட்வொர்க் பிரச்சினை' என்று எழுதி மூடிவிட்டார்கள். செவ்வாய் முழுக்க நெட்காரருக்காகக் காத்திருந்தோம். அவர் வந்து பார்த்து, "லைன்ல ஒண்ணும் இல்லைக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம்தான் பெரிய அடி. பில் போட என் இடத்துக்கு வந்திருந்த நேரத்தில், சிதம்பரம் லோடு 12 பெட்டியை நிறுத்தச் சொல்லி குடோன் கணினியில் மெசேஜ் வந்திருக்கிறது. நான் திரும்பிப் போய்ப் பார்ப்பதற்குள் லாரி கிளம்பிவிட்டது. திட்டு எனக்கு.

புதன்கிழமை, "சிபியுவைக் கொண்டு வந்துடுங்க" என்றார்கள் ஹெல்ப்டெஸ்க்கில். பழைய சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி, கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அதை இறுக்கிப் பிடித்தபடியே போனேன். அங்கே என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு, அரை மணி நேரத்தில், "நல்லாத்தான் ஓடுது, எடுத்துட்டுப் போங்க" என்றார்கள். என் கண்ணெதிரே லாகின் ஆனது. என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "ஒண்ணும் இல்ல மேடம்" என்றார்.

முதுநகர் வந்ததும் லோடிங் அண்ணன்தான் மாட்டி ஆன் செய்தார். மறுபடி லாகின் ஆகவில்லை. அப்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வியாழக்கிழமை எங்கள் லோடிங் அண்ணன், திருப்பாதிரிப்புலியூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிற தம்பி ஒருவரைக் கூட்டி வந்தார். அவர் சாட்டைத் திறக்கவே இல்லை. முதல் கேள்வி, "அக்கா, காலையில ஆன் பண்ணும்போது எஃப்1 அழுத்தச் சொல்லுதா?"

பக்கத்தில் நின்ற அண்ணன், "ஆமாப்பா, திங்கக்கிழமையில இருந்து கேக்குது. அழுத்தினா வந்துடும்" என்றார். தினமும் ஆபீஸைத் திறந்து கணினியைப் போடுகிறவர் அவர்தான். எனக்கு அது தெரியவே தெரியாது.

தம்பி திரையின் மூலையைக் காட்டினார். 2018 ஜனவரி 1. அப்புறம்தான் சாட்டில் எரர் வந்த பெட்டியைத் திறந்து, நான் ஒருநாளும் தொடாத 'டீடெய்ல்ஸ்' பட்டனை அழுத்தினார். சர்டிஃபிகேட் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்று இருந்தது. சர்டிஃபிகேட் என்பது சர்வர் தன்னை யாரென்று காட்டும் அடையாளச் சான்று. அதற்குத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி இரண்டும் உண்டு. கணினி தன் கடிகாரத்தை வைத்துத்தான் அதைச் சரிபார்க்கும். கடிகாரம் 2018 என்று காட்டினால், அதற்குப் பிறகு வாங்கிய சர்டிஃபிகேட்டை அது ஏற்காது. நாங்கள் தேதியைக் கவனிக்காததற்கும் காரணம் உண்டு. கணக்கு எழுதும் டேலியைத் திறந்ததும் கடைசியாகப் போட்ட என்ட்ரியின் தேதிதான் கண்ணில் படும். அந்தக் கணினியில் வேறு நெட் வேலையும் கிடையாது.

மதர்போர்டில் ஒரு ரூபாய்க் காசு போல ஒரு பேட்டரி, சிஆர்2032, 3 வோல்ட். கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்திருந்தது. அதனால்தான் தேதி பழசுக்குப் போய், ஆன் செய்யும்போது எஃப்1 கேட்டிருக்கிறது. பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை, ஷட்டவுன் செய்தாலும் கடிகாரம் அந்தக் கரண்டிலேயே ஓடும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியதே, அதற்குப் பிறகுதான் ராத்திரியில் மெயினையே அணைத்துவிட்டுப் போகிற பழக்கம் எங்கள் ஆபீஸில் வந்தது. அப்போதிலிருந்து ராத்திரி முழுக்க அந்தச் சின்ன பேட்டரிதான் கடிகாரத்தை இழுத்திருக்கிறது. சனி சாயங்காலம் அணைத்தது, திங்கள் காலைக்குள் தீர்ந்துவிட்டது.

பேட்டரி 40 ரூபாய். தேதியைச் சரிசெய்து சாட்டைத் திறந்ததும் தேங்கிக் கிடந்த மெசேஜ்கள் கடகடவென்று இறங்கின. முதல் வேலையாகப் புதுச்சேரிக்குப் போன் போட்டு, புதன்கிழமை தேதியை மாற்றினீர்களா என்று கேட்டேன். "ஆமா மேடம், தப்பா இருந்துச்சு, மாத்திட்டேன்." அந்த ஒரு வார்த்தையை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கி பஸ்ஸில் ஏற்றியதுமே அவர் வைத்த தேதி போய்விட்டது.

உங்களுக்கும் ஒரே கணினியில் மட்டும் இப்படி ஆனால், பக்கத்துக் கணினியில் உங்கள் ஐடியைப் போட்டுப் பாருங்கள். அங்கே திறந்தால் முதலில் தேதியையும் வருடத்தையும் பாருங்கள், மணி மட்டும் சரியாக இருந்தால் போதாது. எரர் பெட்டியில் 'டீடெய்ல்ஸ்' திறந்து முழுசாகப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். 'லாகின் ஆகல' என்று மட்டும் சொன்னது என் தவறு. கணினியைப் போடுகிறவர் வேறு ஆளாக இருந்தால் அவரிடமும் கேளுங்கள்.

இன்று காலை அண்ணன் மெயினைப் போடும்போது நானும் பக்கத்தில் நின்றேன். எஃப்1 கேட்கவில்லை.