450-இலிருந்து 700-க்கு

ஒருவழியாகப் பெரிய ரிமோட் கண்ட்ரோல் ஹெலிகாப்டருக்கு மாறிவிட்டேன். பழைய 450 ரகத்தில் விசிறித் தகட்டின் நீளம் 325 மில்லிமீட்டர், இதில் 700. அதற்கு 3 செல் பேட்டரி போதும். இதற்கு 12 செல், 44.4 வோல்ட்.

ஆடம்பரம் என்று முணுமுணுப்பவர்கள் ஒருமுறை 'டிக்-டாக்' அடித்துப் பார்க்கட்டும். மூக்கை வானம் பார்க்க நிறுத்தி, ஊசல்போல் ஆட்டும் வித்தை அது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தகட்டின் கோணம் பிளஸ் 12 பாகைக்கும் மைனஸ் 12 பாகைக்கும் இடையே புரள வேண்டும். என் பழைய மோட்டார் இரண்டாவது ஆட்டத்திலேயே மூச்சு வாங்கும். சுழற்சி தளர்ந்தால் அதோடு பல்சக்கரத்தால் பிணைந்த வால் விசிறியும் தளரும்; வால் தன் இஷ்டத்துக்குத் திரும்பிவிடும். பெரியதில் அந்தத் தொல்லை இல்லை. வேகத்தைச் சீராக வைக்கும் 'கவர்னர்' சுழற்சியை இழுத்துப் பிடிக்கிறது, காற்றிலும் அலைக்கழியவில்லை. தலைகீழாகப் பறக்கும்போது மூக்கு எது, வால் எது என்று தூரத்திலிருந்தே தெரிகிறது. (என் கண்ணுக்கு இதுவே பெரிய உபகாரம்!)

பயமும் கூடியிருக்கிறது, மறைப்பானேன். பேட்டரியைச் செருகும்போது பளிச்சென்று பொறி பறக்கும். அதைத் தடுக்கும் பிளக் இல்லாமல் தொடுவதில்லை. தகடு சுழலத் தொடங்கினால் பல அடி தள்ளித்தான் நிற்கிறேன். புதிய வித்தைகள் எல்லாம் இப்போதைக்கு சிமுலேட்டரில் மட்டும்.