100, 56, 74, மறுபடி 100: சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு வேதியியல்

வெப்பச் சிதைவு, கூடுகை வினை, வெப்ப உமிழ் வினை, வீழ்படிவு, நிறங்காட்டி, தெவிட்டிய கரைசல், மோல். பள்ளி வேதியியலில் இவை தனித்தனிப் பாடங்களாக, ஒவ்வொன்றும் ஓர் உதாரணத்தோடு வருகின்றன. மாணவர்களும் தனித்தனியாகவே உருப்போடுகிறார்கள். இத்தனையையும் ஒரே பொருளில் பார்த்துவிடலாம். வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்புதான் அது.

முதலில் நான்கு எண்கள். கால்சியத்தின் அணுநிறை 40, கார்பன் 12, ஆக்சிஜன் 16, ஹைட்ரஜன் 1. சுண்ணாம்புக்கல், கிளிஞ்சல், முட்டை ஓடு, பளிங்கு எல்லாம் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். ஒரு கால்சியம், ஒரு கார்பன், மூன்று ஆக்சிஜன்: 40 + 12 + 48 = 100. இப்படிக் கூட்டி வரும் எண்ணை அப்படியே கிராமில் எடுத்தால் அது அந்தப் பொருளில் ஒரு மோல்; கால்சியம் கார்பனேட்டுக்கு இந்த 100 கிராம்தான் ஒரு மோல். காளவாயில் அது முழுதாக வெந்தால் 44 கிராம் கார்பன் டைஆக்சைடாகப் பறந்துவிடும், 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். இது வெப்பச் சிதைவு. அதன்மேல் 18 கிராம் தண்ணீர் சேர்ந்தால் 74 கிராம் நீற்றுச் சுண்ணாம்பு. இது கூடுகை வினை, வெற்றிலைக்குத் தடவுவது இந்தச் சுண்ணாம்புதான். அதைக் கரைத்துச் சுவரில் அடித்தால் காற்றிலிருந்து 44 கிராம் கார்பன் டைஆக்சைடை இழுத்துக்கொண்டு, 18 கிராம் தண்ணீரை வெளியே விட்டு, பழையபடி 100 கிராம் கால்சியம் கார்பனேட் ஆகிவிடும். கல்லாக இருந்தது மறுபடி கல். இந்தச் சுற்றைத் தாளில் ஒருமுறை வரைந்து, ஒவ்வோர் அம்புக்குறியிலும் எவ்வளவு உள்ளே வருகிறது, எவ்வளவு வெளியே போகிறது என்று எழுதிவிட்டால் நிறை மாறா விதியைத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை.

அந்த 44 சின்ன எண் இல்லை. சிமெண்ட் ஆலையின் புகைபோக்கியிலிருந்து வரும் கார்பன் டைஆக்சைடில் பாதிக்கும் மேல் எரிபொருளிலிருந்து வருவதல்ல, கல்லிலிருந்தே வருவது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லும் இதற்கு விலக்கில்லை.

இதை முட்டை ஓட்டில் பார்க்கலாம். ஓட்டின் உள்தோலை உரித்து, கழுவி, வெயிலில் காயவைத்து, நொறுக்கி 2.00 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசு இதற்கு உதவாது, 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு வேண்டும். பழைய இரும்புக் கரண்டியில் பரப்பி அடுப்பின் நீலச் சுடரில் 20 நிமிடம் வையுங்கள், பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். முதலில் ஓடு கறுக்கும். அது ஓட்டில் ஒட்டியிருக்கும் புரதம் கருகுவது, வினை இன்னும் தொடங்கவில்லை. பிறகு வெளுக்கும். கால்சியம் கார்பனேட் தாராளமாகச் சிதைய ஏறக்குறைய 900 டிகிரி செல்சியஸ் வேண்டும். சுடர் அதைவிடச் சூடுதான், ஆனால் கரண்டி அந்தச் சூட்டுக்கு வராது. அதனால் 2.00 கிராம் 1.12 ஆகும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆறியதும் 1.56 காட்டினால் என்ன பொருள்? குறைந்தது 0.44 கிராம், அதாவது 0.01 மோல் கார்பன் டைஆக்சைடு. அப்படியானால் 0.01 மோல், அதாவது 1 கிராம் கார்பனேட் சிதைந்திருக்கிறது. பாதிதான் வெந்திருக்கிறது. (கருகிப்போன புரதத்தின் எடையும் இந்தக் கணக்கில் கொஞ்சம் கலந்திருக்கும்.) மோல் கணக்கு எதற்கு என்று கேட்கும் மாணவருக்கு இதைவிட நேரான பதில் இருக்காது. ஆறியவுடனே நிறுத்துவிட வேண்டும். விட்டு வைத்தால் சுட்ட சுண்ணாம்பு காற்றின் ஈரத்தைக் குடித்து எடை கூடும்.

சுட்ட கல் காரமாக, அதாவது அமிலத்துக்கு எதிரிடையான பொருளாக, மாறுவதற்குக் காரணம் நெருப்பிலிருந்து ஏதோ ஒன்று கல்லுக்குள் புகுவதுதான் என்று ஒருகாலத்தில் நம்பினார்கள். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜோசப் பிளாக் 1756இல் வெளியிட்ட ஆய்வு அதைத் தராசை வைத்தே முடித்துவைத்தது. ஏதாவது உள்ளே புகுந்திருந்தால் எடை கூடியிருக்க வேண்டும், ஆனால் குறைகிறது. வெளியே போனது ஒரு வாயு. நாம் விடும் மூச்சிலும் அதே வாயு இருப்பதைச் சுண்ணாம்பு நீர் பால்போல் வெளுப்பதிலிருந்து அவர் கண்டார். பள்ளி ஆய்வகத்தில் இன்றும் செய்கிற சோதனை அதுதான்.

அடுத்தது நீற்றுதல். கடையில் வாங்கிய சுட்ட சுண்ணாம்பை வைத்து இதை மாணவர்கள் தனியாகச் செய்யவே கூடாது. 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு தண்ணீரோடு சேரும்போது ஏறக்குறைய 64 கிலோஜூல் வெப்பம் வருகிறது. வெப்ப உமிழ் வினை என்பது இதுதான். வெப்பம் எதுவும் வீணாகாவிட்டால் 200 கிராம் தண்ணீரை 24 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும். மூடிய பாட்டிலில் போட்டால் ஆவி அழுத்தத்தில் வெடித்து, கொதிக்கும் காரம் முகத்தில் அடிக்கும். மேலே சுட்ட முட்டை ஓட்டில் ஒரு சிட்டிகை எடுத்து, பீங்கான் தட்டில் வைத்து, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டாலே பொரிந்து மாவாவதைப் பார்க்கலாம். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், சுண்ணாம்புக் காரம் அதை அரித்து ஹைட்ரஜனை வெளியேற்றும்.

ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்ற பழமொழியைச் சும்மா சொல்லிவைக்கவில்லை. வெற்றிலைச் சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் ஒட்டிக்கொண்டு விழிப்படலத்தைக் கரைத்துக்கொண்டே போகும். தேய்க்கக் கூடாது. எலுமிச்சை விட்டு நடுநிலையாக்குகிறேன் என்று கிளம்பவும் கூடாது. ஓடும் தண்ணீரில் அரைமணி நேரம் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காரம் என்று எப்படித் தெரியும்? ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் துளி சுண்ணாம்பைக் கலந்ததும் சிவக்கிறதே, அதுதான் நிறங்காட்டிப் பாடம். மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற நிறப்பொருள், பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் அளவு, 7 நடுநிலை) 7.4 வரை மஞ்சளாகவே இருந்து, 8.6 தாண்டியதும் செம்பழுப்பாகிவிடும். சுண்ணாம்பு நீரின் பி.எச். ஏறக்குறைய 12.4, அதனால் மாற்றம் சட்டென்று தெரியும். எலுமிச்சை பிழிந்தால் மஞ்சள் திரும்பும். சுட்ட ஓட்டையும் சுடாத ஓட்டையும் பிரித்தறிய இதுவே போதும்: ஈரமான மஞ்சள்மேல் வைத்தால் சுட்டது மட்டும் சிவக்கவைக்கும். ஆனால் ஒன்று, மஞ்சள் வெறும் நீரிலும் மஞ்சள், அமிலத்திலும் மஞ்சள். ‘நிறம் மாறவில்லை, ஆகவே இது அமிலம்’ என்று விடைத்தாளில் எழுதினால் தவறு.

இப்போது தெளிந்த சுண்ணாம்பு நீர். நிறைய பேருடைய சோதனை சொதப்புவது இங்கேதான். நிறம் சேர்க்காத வெள்ளை வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு டீஸ்பூன், வாலை வடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்) ஒரு லிட்டர். குலுக்கி, இரவு முழுக்கத் தெளியவிட்டு, மேலே உள்ளதை வடிதாளில் வடித்து, சின்ன வாயுள்ள பாட்டிலில் விளிம்புவரை நிரப்பி மூடிவையுங்கள். அளவு துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் சாதாரண வெப்பநிலையில் சுமார் 1.6 கிராம்தான் கரைத்துக்கொள்ளும், மீதி அடியில் தங்கும். தெவிட்டிய கரைசல் என்பது இதுதான். போர் தண்ணீரில் கரைத்தால் மூச்சை ஊதிச் சோதிப்பதற்கு முன்பே கலங்கும், அந்தத் தண்ணீரிலுள்ள பைகார்பனேட் சுண்ணாம்போடு வினைபுரிந்து கார்பனேட்டாக இறங்கிவிடுவதால். திறந்துவைத்தால் மேலே ஆடை கட்டும். அதுவும் கார்பனேட்தான், கெட்டுப்போனதன் அடையாளம்.

100 மி.லி. சுண்ணாம்பு நீரில் இருக்கும் 0.16 கிராமை முழுதும் வீழ்படிவாக்க, அதாவது கரையாத வெள்ளைக் கார்பனேட்டாக இறக்க, 50 மி.லி.க்குச் சற்று மேல் கார்பன் டைஆக்சைடு போதும். நாம் வெளிவிடும் மூச்சில் அது ஏறக்குறைய 4 சதவீதம். அப்படியானால் 1.3 லிட்டர் மூச்சு, இயல்பாக விடும் மூச்சில் மூன்று. பாதி வாயு குமிழியிலேயே தப்பிப்போனாலும் ஒரு நிமிடத்துக்குள் வெளுத்துவிடும். உறிஞ்சு குழலில் ஊத வேண்டும், உறிஞ்சக் கூடாது.

தொடர்ந்து ஊதினால் கார்பனேட் கால்சியம் பைகார்பனேட்டாக மாறிக் கரைந்து மறுபடி தெளியும் என்று பாடப்புத்தகத்தில் எழுதியிருக்கும். எழுதியதை நம்பிக் கன்னம் வலிக்க ஊதியும் தெளியாமல் போவதற்குக் காரணம் உண்டு. சுத்தமான கார்பன் டைஆக்சைடையே செலுத்தினாலும் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 1 கிராம் கார்பனேட்தான் இப்படிக் கரையும். தெவிட்டிய சுண்ணாம்பு நீர் தருவதோ லிட்டருக்கு 2.2 கிராம். மூச்சை மட்டும் ஊதினால் இன்னும் மோசம், அந்த 4 சதவீதத்துக்குக் கரைவது வெகு சொற்பம். ஆகவே ஒரு பங்கு சுண்ணாம்பு நீரில் மூன்று பங்கு வாலை வடிநீர் கலந்து, ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவோடு 70 மி.லி. வினிகர் ஊற்றி வரும் வாயுவைக் குழாய் வழியே விடுங்கள். கொஞ்ச நேரத்தில் கண்ணாடிபோல் தெளியும். வினிகர் நுரை குழாயில் ஏறிவந்து விழுந்தாலும் தெளியும், ஆனால் அது அமிலம் கார்பனேட்டைக் கரைப்பது, நாம் காட்ட வந்தது அதுவல்ல. நுரைக்கு இடம் இருக்கும்படி பெரிய பாட்டில் எடுங்கள்.

தெளிந்ததைக் கொதிக்கவைத்தால் வாயு வெளியேறி மறுபடி கலங்கும். வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதும், தற்காலிகக் கடினத்தன்மை கொதிக்கவைத்தால் போவதும் இதே வினை. ஊதாத சுண்ணாம்பு நீரைக் கொதிக்கவைத்தாலும் கலங்கும் என்பதைக் கவனியுங்கள். நீற்றுச் சுண்ணாம்பு சூடு ஏற ஏறக் குறைவாகக் கரையும், 100 டிகிரியில் லிட்டருக்கு 0.7 கிராம்தான். ஆறவிட்டால் எது என்று தெரிந்துவிடும்: நீற்றுச் சுண்ணாம்பு மெல்லத் திரும்பக் கரையும், கார்பனேட் அப்படியே கிடக்கும்.

கார்பனேட்டா என்று அறிய வினிகர் சொட்டு விட்டு நுரைக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். முட்டை ஓடு நுரைக்கும், பளிங்குத் துண்டும் நுரைக்கும். கரும்பலகைச் சாக்பீஸ் பெரும்பாலும் நுரைக்காது. பெயர்தான் சாக்பீஸ், பொருள் ஜிப்சம், கால்சியம் சல்பேட். கல்மாவில் செய்த கோலப்பொடி கடைக்குக் கடை மாறும், சோதித்துப் பாருங்கள்.

சுற்றின் கடைசிப் படி சுவரில். அடித்த அன்று வெள்ளை மங்கலாக இருக்கும். இரண்டு மூன்று நாளில் பளிச்சென்று வரும். காய்வதால் மட்டும் வருவதில்லை, காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு பூச்சுக்குள் இறங்கி கார்பனேட் ஆவதால் வருகிறது. அதற்குக் கொஞ்சம் ஈரமும் வேண்டும். வாயு ஈரத்தில் கரைந்துதான் வினைபுரியும். கொளுத்தும் வெயிலில் அடித்துச் சட்டென்று காய்ந்த சுவரைத் தொட்டால் கையெல்லாம் வெள்ளை ஒட்டும், பாதிச் சுண்ணாம்பு கல்லாகாமல் நின்றுவிட்டதால். நீற்றிய சுண்ணாம்பைத் தொட்டியில் தண்ணீருக்கு அடியில் மூடிவைத்தால் மாதக்கணக்கில் இறுகாமல் குழைவாகவே இருக்கும். அங்கே கார்பன் டைஆக்சைடு எட்டுவதில்லை.