மண்டை ஓடு இல்லாத ஸ்கல்டக்கரி

ஆங்கிலச் செய்தித்தாளைத் தரையில் விரித்துக் குப்புறப் படுத்திருந்த மகள், "அப்பா, ஸ்கல்டக்கரி என்றால் என்ன?" என்றாள். ஏழாம் வகுப்பு. தினம் ஐந்து புதுச் சொற்கள் எழுதிக்கொண்டு போக வேண்டும்.

"தகிடுதத்தம். மறைவாகச் செய்யும் பித்தலாட்டம்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். பிள்ளை பேனாவைத் திறந்ததும் எனக்குள் இருந்த வாத்தியார் விழித்துக்கொண்டார்.

"ஸ்கல் என்றால் மண்டை ஓடு. டக் என்றால் தோண்டியது. அந்தக் காலத்தில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் மருத்துவம் படிப்பவர்களுக்கு அறுத்துப் பார்க்கப் பிணம் போதவில்லை. இரவோடு இரவாகக் கல்லறையைத் தோண்டி விற்றார்கள். பயந்துபோன உறவினர்கள் குழிக்கு மேல் இரும்புக் கூண்டு போட்டார்கள். பர்க், ஹேர் என்று இரண்டு பேர், தோண்டுகிற சிரமமே வேண்டாமென்று 1828இல் 16 பேரைக் கொன்று விற்றார்கள். பர்க்கைத் தூக்கிலிட்டு அவன் உடலையும் அறுத்தார்கள். எலும்புக்கூடு இன்னும் அங்கே இருக்கிறது."

மகள் இரண்டு பக்கம் எழுதினாள். அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்த மனைவி, "நிஜமாகவா?" என்றாள். பதினெட்டு வருடமாக என்னைக் கேட்டுக்கொண்டிருப்பவள்.

சந்தேகம் தட்டி, இரவில் அகராதியைப் புரட்டினேன். நான் சொன்ன பிணங்கள் எல்லாம் உண்மைதான். அவற்றுக்கும் இந்தச் சொல்லுக்கும்தான் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஸ்காட்லாந்தில் 18ஆம் நூற்றாண்டில் புழங்கிய ஸ்கல்டடரி என்ற சொல்தான், அமெரிக்காவுக்குப் போய் 19ஆம் நூற்றாண்டில் தகிடுதத்தமாக மாறியிருக்கிறது. அதற்கும் முந்தைய வேரைக் கேட்டால் அகராதியே கையை விரிக்கிறது. சொந்த ஊரில் அதற்கு என்ன பொருள் என்கிறீர்கள்? கள்ளத் தொடர்பு! அந்தக் காலத்து ஸ்காட்லாந்தில் இந்த விவகாரத்தில் அகப்பட்டவர்களிடம் திருச்சபை அபராதம் வாங்கும். சபையார் பார்க்கும்படி தேவாலயத்தில் ஒரு முக்காலியில் உட்காரவும் வைக்கும்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் பிணத் திருட்டை வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். இதை எப்படிச் சொல்வது? பொதுவாக, "அந்த மண்டை ஓட்டை மட்டும் அடித்துவிடு" என்று சொல்லலாமென்று காலையில் எழுந்தேன். அதற்குள் பள்ளி வேன் போய்விட்டது.

மாலையில் மகள் துள்ளிக்கொண்டு வந்தாள். வகுப்பில் அவளை எழுப்பி முழுக் கதையையும் சொல்ல வைத்தார்களாம். கைதட்டலாம். டைரியை நீட்டினாள். இதுபோல் இன்னும் சில சொற்களின் வரலாற்றை வெள்ளிக்கிழமை நேரில் வந்து சொல்ல முடியுமா என்று ஆசிரியை எழுதியிருந்தார்.

மனைவி எட்டிப் படித்துவிட்டு, "போகும்போது அந்த இரும்புக் கூண்டையும் கொண்டுபோங்கள். உள்ளே நின்று பேசலாம்" என்றாள்.