பழக்குச்சி, மூன்றாம் சுற்று: கிவி அடங்கியது, தர்பூசணி அடங்கவில்லை

குழந்தைகளுக்காகப் பழத்துண்டுகளைக் குச்சியில் கோக்கும் பழக்குச்சியில் இது மூன்றாம் முயற்சி. கிவித் துண்டு இந்த முறை குச்சியில் சுழலவில்லை. குச்சியைப் படுக்கைவாட்டில் பிடித்தாலும், ஒரு பக்கம் கடித்த பிறகும், வைத்தது வைத்தபடியே நின்றது. பழக்குச்சி செய்து பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். சிவப்புக்குப் பக்கத்தில் என்ன நிறம், மஞ்சளை எங்கே வைப்பது என்பதெல்லாம் எல்லோருக்கும் அத்துப்படி என்பதால் அதற்குள் போகவில்லை. குச்சி பழத்துக்குள் இறங்குகிற அந்த இரண்டு வினாடிதான் இந்தச் சுற்றின் பாடு முழுவதும்.

அளவு இதுதான். 20 செ.மீ. மூங்கில் குச்சி பத்து. ஒவ்வொன்றிலும் ஆறு துண்டு, கைப்பிடிக்கு 5 செ.மீ. வெற்றிடம். பத்து நடுத்தர ஸ்ட்ராபெர்ரி, இரண்டு கிவி, இரண்டு வாழைப்பழம், ஓர் ஆப்பிள், அரை அன்னாசி, தோலோடு 400 கிராம் தர்பூசணி. கடைசியில் அடைப்புக்குக் குச்சிக்கு ஒரு திராட்சை. துண்டுகள் இரண்டரை செ.மீ. தாண்டினால் குழந்தையின் வாய்க்குள் ஒரே கடியில் போகாது. பாதி வாயில், பாதி சட்டையில் என்றுதான் முடியும்.

சுழலுவதற்குக் காரணம் எளிது. உருண்டைக் குச்சி துளைக்கும் துளையும் உருண்டை. துண்டின் எடை துளையைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாவிட்டால் கனமான பக்கம் கீழே தொங்கப் பார்க்கும். சாறு வேறு எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக் கொடுக்கும். கிவியை வட்டமாக அரிந்து முகத்தில் குத்தினால் அச்சாணியில் மாட்டிய சக்கரம்தான். அழகான விதை வளையம் பக்கத்துத் துண்டில் ஒட்டி மறைந்துபோகும், வெளியே பச்சை ஓரம் மட்டும் தெரியும். அதாவது கிவி வாங்கிய காசே வீண்.

இந்தச் சுற்றில் செய்தது: கிவியின் இரு முனையையும் வெட்டித் தள்ளி, ஒன்றரை செ.மீ. கனத்தில் மூன்று வட்டம், ஒவ்வொன்றையும் பாதியாக்கி ஆறு அரைவட்டம். அரைவட்டத்தின் வளைந்த முதுகில் குச்சியை வைத்து, நடுவில் இருக்கும் வெள்ளைத் தண்டு வழியாக நேர்வெட்டுப் பக்கம் வெளியே எடுக்க வேண்டும். அந்த வெள்ளைத் தண்டு சுற்றியுள்ள சதையைவிடக் கெட்டி, குச்சியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. குச்சியின் இரண்டு பக்கமும் எடை சமமாக விழுவதால் திரும்பக் காரணமும் இல்லை. விதை வளையமும் வெளிப்பக்கம் பார்த்தபடி நிற்கிறது. பழம் செங்காயைத் தாண்டி, ஆனால் விரல் அழுந்தாத பக்குவத்தில் இருக்க வேண்டும். கொழகொழவென்று பழுத்த கிவியில் இந்த வித்தை எதுவும் பலிக்காது.

வாழைப்பழம் இன்னொரு கதை. வட்டத் துண்டின் நடுவில் குத்தினால் மூன்றாகப் பிளக்கிறது, ஒவ்வொரு முறையும் மூன்றாக. வாழைப்பழத்தின் சதை நீளவாக்கில் மூன்று பகுதியாக இணைந்தது. அந்த மூன்றும் சேரும் இடம் சரியாக நடுமையம். அங்கேயே போய் ஆப்பு அடித்தால் பிளக்காமல் என்ன செய்யும்? இரண்டு செ.மீ. கனத்தில் அரிந்து, பக்கவாட்டு ஓரத்தில் குத்தி எதிர் ஓரத்தில் எடுத்தால் பத்தில் ஒன்பது நிற்கிறது. உள்ளே கரும்புள்ளி தெரியும் அளவுக்குக் கனிந்ததைத் தொடவே வேண்டாம், அதை மில்க்‌ஷேக்குக்கு அனுப்பிவிடலாம்.

ஆப்பிள் நேர் எதிர். அது வழுக்காது, வெடிக்கும். குச்சியை நேராக அழுத்தித் தள்ளும்போது துண்டு பட்டென்று இரண்டாகிறது. 2 மி.மீ. மெல்லிய குச்சியால் முதலில் ஒரு துளை போட்டு, பிறகு 3 மி.மீ. குச்சியை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டி உருட்டி உள்ளே விட வேண்டும், தமரூசி திருகுகிற மாதிரி. அழுத்தக் கூடாது. துளை ஓரத்திலிருந்து ஒரு செ.மீ. உள்ளே இருந்தால் வெடிப்பது அநேகமாக நின்றுவிடுகிறது. பத்துத் துண்டில் முதல் சுற்றில் ஆறு போனது, இப்போது ஒன்று.

ஸ்ட்ராபெர்ரியைக் காம்புப் பக்கத்திலிருந்து நுனிக்குக் குத்துவதுதான் வழக்கம், அதுவே சரி. ஆனால் பெரிய பழங்களுக்கு உள்ளே வெற்றிடம் இருக்கும், குச்சிக்குப் பிடிமானமே கிடைக்காது. பார்வைக்குப் பெரிதாக இருக்கிறதே என்று பொறுக்கி எடுத்தால் அதுதான் முதலில் சுழலும். நடுத்தர அளவுதான் நல்லது. அன்னாசியில் நார் நடுத்தண்டிலிருந்து வெளிப்பக்கமாக ஓடுகிறது. நாரோடு போனால் துண்டு இழை இழையாகப் பிரியும், நாருக்குக் குறுக்கே போனால் பிரியாது.

தட்டைக் குச்சி வாங்கினால் இந்தச் சுழல் தொல்லை பாதி தீரும் என்று எல்லோரும் சொல்வது உண்மைதான். ஆனால் கட்டைப் பிரித்துப் பார்த்து வாங்க வேண்டும். கைப்பிடி மட்டும் துடுப்பு மாதிரி தட்டையாகவும் தண்டு உருண்டையாகவும் இருப்பது ஒரு வகை. அது கைக்குத்தான் வசதி, பழத்துக்கு ஒரு பயனும் இல்லை. நுனி வரை தட்டையாக, நாலைந்து மி.மீ. அகலத்தில் இருப்பதுதான் நமக்கு வேண்டியது. அதிலும் ஆப்பிள் வெடிக்கும், வாழை தாங்காது, ஸ்ட்ராபெர்ரியும் தர்பூசணியும் மட்டும் ராஜா மாதிரி நிற்கும். இரண்டு மெல்லிய குச்சியை முக்கால் செ.மீ. இடைவெளியில் இணையாகக் குத்தினால் எதுவும் அசையாது. ஆனால் வேலை இரட்டிப்பு, கூர்முனையும் இரட்டிப்பு. குழந்தைகளுக்கு அது வேண்டாம்.

மூங்கில் குச்சியைப் பற்றி இன்னொன்று. கட்டைப் பிரித்ததும் ஒவ்வொரு குச்சியையும் டிஷ்யூ பேப்பரில் ஒரு தடவை உருவிப் பார்க்க வேண்டும். பேப்பர் எங்காவது சிக்கினால் அங்கே சிலாம்பு இருக்கிறது, அந்தக் குச்சி குப்பைக்கு. கரும்புள்ளியோ பூஞ்சை வாடையோ இருந்தால் முழுக் கட்டும் போக வேண்டியதுதான். சிலர் தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். அது தணலில் வாட்டும்போது குச்சி கருகாமல் இருக்கச் செய்வது. இங்கே ஊறவைத்தால் நார் எழும்பிச் சொரசொரப்பாகிவிடும். கழுவித் துடைத்தால் போதும்.

கோத்து முடித்ததும் கூர்முனையை நகவெட்டியால் நறுக்கிவிட்டு அதன் மேல் கடைசித் துண்டைத் தள்ளி மூட வேண்டும். நாலு வயதுக்குக் கீழ் என்றால் குச்சியே வேண்டாம், அதே வரிசையில் தட்டில் அடுக்கிக் கொடுத்தால் போகிறது. ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் திராட்சையை முழுதாகக் கொடுப்பது ஆபத்து, மூச்சுக்குழாயை அப்படியே அடைத்துக்கொள்ளும் வடிவம் அது. நீளவாக்கில் நாலாக அரிய வேண்டும். குறுக்கே வெட்டி இரண்டு வட்டமாக்குவது கணக்கில் வராது. கெட்டி ஆப்பிளும் சின்னக் குழந்தைகளுக்குத் துண்டாக ஆகாது, சீவல் கனத்தில் அரிவது அல்லது லேசாக ஆவியில் வேகவைப்பது நல்லது. பேப்பர் ஸ்ட்ராவில் கோக்கும் யோசனை படத்தில் அழகாக இருக்கிறது. நடைமுறையில் சாறு பட்டு நமத்துப்போய் மடங்கிவிடுகிறது. உடனே சாப்பிடுவதாக இருந்தால் மட்டும் சரி.

இனி கறுப்பது. ஆப்பிளையும் வாழையையும் வெட்டியதும் பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து வேலையை ஆரம்பிக்கிறது. தனித்தனிக் கிண்ணத்தில் ஆப்பிளைப் போட்டுப் பார்த்ததில், வெறும் தண்ணீர் அதில் கிடக்கும் வரைதான் காப்பாற்றியது, எடுத்த அரை மணியில் பழுப்பு ஏறியது. ஒரு கப் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு நன்றாகத் தாங்கியது. ஆனால் புளிப்புத் தெரிகிறது, இனிப்பான பழத்தை எதிர்பார்க்கும் குழந்தை முகத்தைச் சுளிக்கும். ஒரு கப் தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு, ஐந்து நிமிடம், பிறகு நல்ல தண்ணீரில் ஓர் அலசல். ஆப்பிளுக்கு இதுதான் முதல் இடம். அலசினால் உப்பு நாக்குக்கே தெரியாது. இதை வாழைப்பழத்தில் செய்துவிட வேண்டாம், வாயில் வைக்க முடியாது. வாழைக்கு அன்னாசிச் சாற்றைத் தொட்டுத் தடவினால் போதும், அரை அன்னாசி அரியும்போது பலகையில் தேங்குகிற சாறே பத்துத் துண்டுக்குக் காணும். தேன் கலந்த தண்ணீரும் வேலை செய்யும், ஒரு கப்புக்கு இரண்டு மேசைக்கரண்டி. ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது.

தொட்டுக்கொள்ளத் தயிர் வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அன்னாசியிலும் கிவியிலும் புரதத்தை உடைக்கும் நொதிகள் உண்டு, புரோமெலைன், ஆக்டினிடின் என்று. பழத்தைத் தயிரில் முக்கி வைத்துவிட்டுப் போனால் தயிர் நீர்த்துக் கசப்பு ஏறும். தயிர் தனிக் கிண்ணத்தில், சாப்பிடும் நேரத்தில் மட்டும். அன்னாசி தின்றால் நாக்கு அரிப்பதும் அதே புரோமெலைன் கைவரிசைதான்.

அடுத்த திட்டம் உறைய வைத்த வாழைப்பழம். பாதிப் பழத்தில் ஐஸ்கிரீம் குச்சி, மேலே கெட்டித் தயிர், மூன்று மணி நேரம் ஃப்ரீசர். ஐஸ்கிரீம் குச்சி அகலமானது, உறைந்த பழம் வேறு, சுழலும் பேச்சே இல்லை. தர்பூசணியையும் இப்படி வைக்கலாமே என்று தோன்றும். வைக்கலாம், உறைந்தபடியே தின்று முடித்துவிட வேண்டும். தண்ணீர் உறையும்போது விரிந்து பழத்தின் செல்களை உடைத்துவிடுவதால், இளகினால் கிடைப்பது சக்கை. அதைச் செய்யும் முன் இந்தத் தர்பூசணிக்கு ஒரு வழி பண்ண வேண்டும்.

தர்பூசணியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். வெட்டிய ஒவ்வொரு முகத்திலிருந்தும் வடிகிறது. நுனியில் வைத்தால் கீழே உள்ள எல்லாத் துண்டின் மேலும் ஒழுகி வாழைப்பழத்தைக் கொழகொழப்பாக்குகிறது. கைப்பிடிப் பக்கம் வைத்தால் குழந்தையின் முழங்கை வரை பிசுபிசுப்பு. இப்போதைக்கு ஏற்பாடு: கைப்பிடிப் பக்கமே வைத்து, அதற்கும் கீழே தோல் கெட்டியான திராட்சையை அடைப்பாக நிறுத்துவது (சின்னவர்கள் தட்டில் இந்தத் திராட்சையும் நாலாகத்தான் போகும்). சொட்டு திராட்சையில் தேங்குகிறது, ஆனால் ஒழுகுவது முழுதாக நிற்கவில்லை. மொட்டைக் கத்தியால் அரிந்தால் இன்னும் மோசம், சதை நசுங்கி இரட்டிப்பாக வடியும். கத்தியைத் தீட்டிய பிறகு வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. சர்க்கரை, உப்பு எதைத் தூவினாலும் உள்ளிருக்கும் நீரை வெளியே இழுத்துவிடும், தூவ வேண்டுமானால் கையில் கொடுக்கும்போது தூவலாம்.

டப்பாவில் அனுப்பும் குச்சிகளுக்கு இது இன்னும் தலைவலி. வெட்டிய பழம் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, 32 டிகிரியைத் தாண்டிய வெயிலில் ஒரு மணி நேரம்தான். அதனால் டப்பாவோடு ஐஸ் பேக் கட்டாயம். ஐஸ் பேக் வைத்தால் மூடியின் உட்புறம் வியர்த்து அந்த நீரும் சேர்ந்துகொள்கிறது. அடியில் மடித்த கிச்சன் டவல் போட்டு, குச்சிகளை அதன் மேல் ஒற்றை வரிசையில் படுக்க வைத்ததில் மற்றதெல்லாம் நன்றாக இருந்தன, தர்பூசணி மட்டும் சுருங்கிக் குச்சியில் தளர்ந்து கிடந்தது.

தளர்வுக்கு மருந்து கிடைத்துவிட்டது. துண்டு போடும்போது ஒரு பக்கம் அரை செ.மீ. வெள்ளைப் பகுதியை விட்டு, குச்சியை அந்த வெள்ளை வழியாக உள்ளே விட்டால் பிடி விடுவதில்லை. கடித்துத் துப்ப வேண்டியிருக்கிறது என்பது மட்டும் குறை. வடிவதுதான் பாக்கி. இந்த முறை துண்டுகளைக் கம்பித் தட்டில் பரப்பி ஃப்ரிட்ஜில் 20 நிமிடம் வைத்து, ஒற்றியெடுத்துக் கோத்தது. அடியில் இருந்த தட்டில் இரண்டு மேசைக்கரண்டி சாறு சேர்ந்திருந்தது. நாலாம் சுற்றில் 40 நிமிடம் வைத்து, அதே தட்டில் எவ்வளவு சேர்கிறது என்று அளக்க வேண்டும்.