ஆய்வுகூடத்துப் பச்சைக் கோடு

பௌதிக ஆய்வுகூடத்தின் மூலை மேசையில் துணி போர்த்தியிருந்த, மின்னலையைத் திரையில் கோடாக வரைந்துகாட்டும் அலைவுகாட்டி (ஸ்கோப்) நம்மில் பலருக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கும். சுவிட்சைப் போட்டுச் சற்றுப் பொறுத்தால் திரையில் ஒரு பச்சைக் கோடு ஊர்ந்து வரும். அப்படியான பழைய ஸ்கோப் ஒன்றை வாங்கித் திருத்திப் பாடசாலைக்கு அனுப்ப நினைக்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். கோடு வராவிட்டால் படக்குழாய் செத்துவிட்டது என்று உடனே முடிவு கட்டவேண்டாம். முதலில் பவர் சப்ளையைப் பாருங்கள். அதற்கு வேண்டிய கணக்கெல்லாம் உயர்தர வகுப்பிலேயே படித்தவைதான்: ஓமின் விதி, கொள்ளளவியின் மின்னேற்றம், நேர மாறிலி.

வேலை மேசையில் கொள்ளளவியைக் கப்பாசிட்டர் என்கிறோம். மூடியைக் கழற்றியதும் அதில் தேங்கிய மின்னை இறக்கவேண்டும். 230 வோல்ட்டை நேரே நேரோட்டமாக்கி, வேகமாக வெட்டி வெட்டி வேண்டிய வோல்ட்டுக்கு மாற்றும் ஸ்விட்சிங் சப்ளையில் பெரிய கப்பாசிட்டரில் ஏறத்தாழ 325 வோல்ட் நிற்கும். அது 200 மைக்ரோஃபாரட் என்றால் 10 ஜூலுக்கு மேல் சக்தி. 2.2 கிலோஓம், 10 வாட் தடை ஒன்றைக் காப்பிட்ட கம்பிகளில் கட்டி இரு முனைகளுக்கும் குறுக்கே பிடியுங்கள். நேர மாறிலி 0.44 செக்கன், அதன் 5 மடங்கான 2.2 செக்கனில் 1 சதவீதத்துக்கும் குறைவே மிஞ்சும். ஆனாலும் பத்து வரை எண்ணி, மீட்டரால் அளந்து பார்த்த பிறகே கை வையுங்கள். ஸ்க்ரூட்ரைவரால் குறுக்கே தட்டும் பழக்கம் வேண்டாம். ஒரு கணத்தில் பாயும் பெரும் மின்னோட்டம் முனையைத் தீய்க்கும், பக்கத்திலுள்ள ட்ரான்சிஸ்டரையும் கொண்டுபோகும்.

நாடு விட்டு நாடு வந்த கருவி என்றால் பின்பக்கத்து வோல்டேஜ் தெரிவுச் சுவிட்சையும் ஃபியூஸின் அளவையும் பாருங்கள். 115 இல் இருப்பதை 230 க்கு மாற்றினால் ஃபியூஸின் ஆம்பியரும் ஏறத்தாழப் பாதியாக வேண்டும். எரிந்த ஃபியூஸே ஒரு சாட்சி. கண்ணாடி உள்ளே கறுத்தோ வெள்ளி பூசியதுபோலவோ இருந்தால் கடும் ஷார்ட். கம்பி நடுவில் மட்டும் மெல்ல அறுந்திருந்தால் நெடுநாள் மிகைச்சுமை, அல்லது வெறும் வயசு. எப்படியிருந்தாலும் பெரிய ஃபியூஸ் போட்டுப் பார்ப்பது கூடவே கூடாது.

முதல் தடவை மின் கொடுக்கும்போது தொடரில் ஒரு 60 வாட் இழைக் குமிழை (பல்பை) போடுங்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் குமிழ் முழு வெளிச்சத்தில் எரியும், ஸ்கோப் பிழைக்கும். சரியாக இருந்தால் ஒரு முறை பளிச்சிட்டு மங்கும். 60 வாட் கூடப் போதாத பெரிய கருவிக்கு 100 வாட் குமிழ். ஸ்விட்சிங் சப்ளை சில இந்தக் குமிழோடு எழும்பாமல் தடுமாறும். அது பழுது அல்ல.

சப்ளை பல வோல்ட்டுகளைத் தரும்; ஒவ்வொன்றையும் போர்டுகளுக்குக் கொண்டுபோகும் இணைப்பை வழி என்கிறேன். இனி ஒவ்வொரு வழியாக அளக்கவேண்டும். 1972 இல் வந்த டெக்ட்ரொனிக்ஸ் 465 ஐ எடுத்தால் +110, +55, +15, +5, −8 வோல்ட் என ஐந்து வழிகள். அந்தக் காலத்துச் சேவைக் கையேடுகள் அருமையானவை: எந்தப் புள்ளியில் எத்தனை வோல்ட், எவ்வளவு விலகலாம், சிற்றலை (நேரோட்டத்தில் மிஞ்சும் ஏற்றஇறக்கம்) எவ்வளவு இருக்கலாம் என்றெல்லாம் அச்சிட்டிருப்பார்கள். கையேடு இல்லாமல் தொடங்காதீர்கள். மின்னை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு வழிக்கும் தரைக்கும் இடையே தடையை அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். ஓரிரு ஓம் மட்டும் காட்டும் வழி இருந்தால் அங்கேதான் வேலை.

இங்கே பலர் வழுக்குகிறார்கள். ஒரு வழியில் வோல்ட் இல்லையென்றதும் அந்த வழியின் ட்ரான்சிஸ்டரையும் ஐசியையும் மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். சப்ளை கெட்டதா, அது ஊட்டும் சுமை கெட்டதா என்று முதலில் பிரித்தறியவேண்டும். இணைப்பியைக் கழற்றியோ, போர்டில் உள்ள சிறு கம்பி இணைப்பைத் தூக்கியோ சுமையைப் பிரியுங்கள். வோல்ட் திரும்பினால் சப்ளை நல்லது. மின்னோட்ட எல்லைக் காப்பு தன் கடமையைச் செய்திருக்கிறது, அவ்வளவுதான். ட்ரான்ஸ்ஃபோமரால் வோல்ட்டைக் குறைத்துப் பின் சீராக்கும் லீனியர் சப்ளைக்கு இந்தச் சோதனை பொருந்தும். ஸ்விட்சிங் வகையைச் சுமையே இல்லாமல் ஓட்டாதீர்கள், போலிச் சுமையாகச் சில வாட் தடையைக் கட்டுங்கள்.

சுமைப் பக்கம் ஷார்ட் என்றால் 1970 களின் கருவிகளில் முதல் சந்தேகம் டான்டலம் கப்பாசிட்டர் மேல்: சொட்டு வடிவில், மெழுகு பூசியதுபோல் பளபளக்கும் சிறு குமிழ்கள். வேலை வோல்ட்டுக்குச் சற்றே மேலான தாங்குதிறனோடு போட்டிருப்பார்கள். வயதானதும் ஷார்ட் ஆகிவிடும். ஒரே வழியில் இருபது இருக்கலாம். ஒவ்வொன்றாகக் கழற்றினால் போர்டின் செப்புத் தடமே உரிந்துபோகும்.

கழற்றாமலே பிடிக்க வழி உண்டு. ஸ்கோப்பின் பிளக்கைக் கழற்றிவிட்டு, பெஞ்ச் சப்ளை ஒன்றை 0.5 வோல்ட், 1 ஆம்பியருக்கு மட்டுப்படுத்தி, செத்த வழிக்கும் தரைக்கும் கொடுங்கள். 0.5 வோல்ட் என்பதால் ட்ரான்சிஸ்டர், டயோட்களின் சிலிக்கன் சந்தி எதுவும் மின்னைக் கடத்தாது; மின்னோட்டம் அநேகமாக முழுவதும் ஷார்ட்டுக்கே போகும். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு முனையை மின் ஊட்டும் இடத்தில் நிறுத்தி, மறுமுனையைத் தடத்தின் மேல் நகர்த்துங்கள். 35 மைக்ரோன் தடிப்பும் 1 மில்லிமீற்றர் அகலமும் கொண்ட தடத்தில் 25 மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 12 மில்லிஓம். 1 ஆம்பியர் பாய்ந்தால் 12 மில்லிவோல்ட், சாதாரண மீட்டரே நன்றாகக் காட்டும். மின்னோட்டம் போகும் திசையில் எண் ஏறிக்கொண்டே வரும்: 4, 9, 13, 17. மின்னோட்டமில்லாத கிளையில் எண் அசையாது. ஏறிவந்த எண் எந்தக் கப்பாசிட்டரின் காலோடு நின்றுவிடுகிறதோ, அதுதான் ஆள். ஒரு காலை மட்டும் தூக்கி, தடையைத் திரும்ப அளந்து உறுதி செய்யுங்கள். 15 வோல்ட் வழிக்கு 35 வோல்ட் தாங்கும் புதியதைப் போடுங்கள், முனை மாறாமல். டான்டலத்தில் குறியிட்டிருப்பது நேர்முனை, அலுமினிய வகையில் எதிர்முனை. இதைக் குழப்பியதால் வெடித்தவை ஏராளம்.

கோடு வருகிறது, ஆனால் நெளிகிறது என்றால் கதை வேறு. கோடு எப்போது தொடங்கவேண்டும் என்று தீர்மானிக்கும் ட்ரிகரை, மின்வழங்கலோடு ஒத்து ஓடும் 'லைன்' நிலைக்குத் திருப்புங்கள். நெளிவு அசையாமல் நின்றால் அது மின்வழங்கலிலிருந்து வரும் சிற்றலை. 50 ஹெர்ட்ஸ் மின்னின் இரு அரையலைகளையும் நேரோட்டமாக்கும் முழுஅலைத் திருத்தம் செய்த சப்ளையின் சிற்றலை 100 ஹெர்ட்ஸ் ஆக இருக்கவேண்டும். 100 இல் மிகையாக இருந்தால் கப்பாசிட்டர் காய்ந்துவிட்டது. 50 இல் இருந்தால் அந்தத் திருத்தத்தைச் செய்யும் நான்கு டயோட் பாலத்தில் ஒரு டயோட் அறுந்திருக்கிறது, கப்பாசிட்டரை மாற்றிப் பயனில்லை. கணக்கும் எளிது: 1 ஆம்பியர் சுமை, 10 மில்லிசெக்கன், 5000 மைக்ரோஃபாரட் என்றால் சிற்றலை அதிகபட்சம் 2 வோல்ட். அதே கப்பாசிட்டர் 1000 க்குச் சுருங்கினால் 10 வோல்ட். சிற்றலையின் பள்ளத்தில், வோல்ட்டைச் சீராக்கும் ரெகுலேட்டருக்கு மூச்சுவிட இடமில்லாமல் போகும், பள்ளம் அப்படியே வெளியே தெரியும்.

மாற்றும்போது 105 பாகை வெப்பம் தாங்கும் வகையை எடுங்கள். வோல்ட் கூடலாம், கொள்ளளவம் ஒன்றரை மடங்குவரை போகலாம். அதற்கு மேல் போனால் டயோட்டுக்கு உச்ச மின்னோட்டம் கூடிவிடும். பழைய பெரிய டப்பாக் கப்பாசிட்டரின் சுற்றுக்கால்கள் பல போர்டுகளில் தரைத் தடங்களையும் ஒன்றோடொன்று இணைக்கின்றன. இரண்டு கால் புதியதைப் போட்டால் அந்தத் தடங்களுக்கு இடையே கம்பி இழுக்க மறக்காதீர்கள். சில வேளை கப்பாசிட்டர் நல்லதாகவே இருக்கும். அந்தக் கால்களின் ஈயப்பற்று மட்டும் வட்டமாக வெடித்திருக்கும். லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

எல்லா வழிகளும் ஒரே விகிதத்தில் கூடவோ குறையவோ காட்டினால், அவை அளவுகோலாகக் கொண்டு சார்ந்து நிற்கும் வழியில்தான் பிழை. முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பழுதைக் கண்டுபிடிக்காமல் வோல்ட்டைச் சரிக்கட்டும் திருகியைத் திருப்பி வோல்ட்டை ஒப்பேற்றினால், கோட்டின் உயரம், நேர அளவு எல்லாம் அதோடு நகர்ந்துவிடும். ஒரே ஒரு வழி மட்டும் மிக உயர்ந்திருந்தால், அந்த வழியின் மின்னோட்டம் ஊடுபோகும் தொடர் ட்ரான்சிஸ்டரின் கலெக்டரும் எமிற்றரும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதை மாற்றும்போது அடியில் காப்பாக இருக்கும் மைக்காத் தகட்டைக் கிழிக்காமல் வைத்து, இறுக்கியபின் கலெக்டருக்கும் சட்டத்துக்கும் இடையே ஷார்ட் இல்லையா என்று அளந்த பிறகே மின் கொடுங்கள்.

ஸ்விட்சிங் சப்ளையில் 'டிக், டிக்' என்று ஒரு சத்தம் கேட்டால், எழும்ப முயன்று காப்பு வெட்டுகிறது என்று பொருள். வெளியீட்டுப் பக்கத்து டயோட்களை முதலில் சோதியுங்கள். இந்தச் சப்ளையின் முதற்பக்கம், அதாவது மின் நுழையும் பக்கம், மின்வழங்கலோடு நேரடித் தொடர்புள்ளது. தனிமைப்படுத்தும் ட்ரான்ஸ்ஃபோமர் இல்லாமல் அங்கே இன்னொரு ஸ்கோப்பின் தரைக் கவ்வியை மாட்டவே கூடாது. நுழைவாயிலில் மஞ்சள் நிறத்தில் ஒளிபுகும் உறைக்குள் இருக்கும் ரிஃபா காகிதக் கப்பாசிட்டரில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால், வேலை செய்தாலும் எடுத்துவிடுங்கள். ஈரம் புகுந்து ஒருநாள் புகைந்து நாறும். பதிலாக, மின்வழங்கலுக்குக் குறுக்கே போடுவதற்கான எக்ஸ்2 பாதுகாப்புத் தரச் சான்றுள்ளதையே போடவேண்டும்.

படக்குழாயின் உயர்வோல்ட் பகுதியில் அவசரம் வேண்டாம். கதோட்டில் ஆயிரக்கணக்கான வோல்ட், முன்பக்க அனோட்டில் பல மாதிரிகளில் 10 கிலோவோல்ட்டுக்கு மேல். சாதாரண மீட்டர் முனை 1000 வோல்ட்டுக்குத்தான். அதற்கென உள்ள உயர்வோல்ட் புரோப் இல்லையென்றால் அங்கே அளக்காதீர்கள். தாழ்வோல்ட் வழிகள் எல்லாம் சரியான பிறகும் கோடு வராவிட்டால் மட்டும் அந்தப் பக்கம் போகலாம்.

கடைசியாகத் தொடரில் போட்ட குமிழை எடுத்துவிட்டு, மூடியைப் போட்டு நாலைந்து மணிநேரம் ஓடவிடுங்கள். சூடான நிலையிலும், மறுநாள் காலை குளிர்ந்த நிலையிலும் எல்லா வழிகளையும் அளந்து ஒப்பிடுங்கள். எந்த உறுப்பை எந்தத் தேதியில் மாற்றினீர்கள், ஒவ்வொரு புள்ளியிலும் எத்தனை வோல்ட் என்று தாளில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். பாடசாலைக்கு அனுப்புவதென்றால் கையேட்டின் பிரதியும் இரண்டு உதிரி ஃபியூஸும் பெட்டிக்குள் இருக்கட்டும். மேசையில் வைத்ததும் மாணவர்கள் முதலில் முன்பக்கத்துச் சோதனை முனையில் வரும் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையைத்தான் திரையில் எடுப்பார்கள்.