குதுரேமுக்: கிருஷ்ணா தண்ணி பொறக்குற மலை

போன அக்டோபர்ல ஒருவழியா குதுரேமுக் போயிட்டு வந்தாச்சு. கர்நாடகாவுல, சிக்மகளூர் மாவட்டத்துல கலசா பக்கம். பாலேகல்ல இருந்து முல்லோடி வரைக்கும் ஜீப்தான், அதுக்குள்ளயே பாதி இடுப்பு போச்சு. ஃபாரஸ்ட்காரங்க பையைத் திறந்து பிளாஸ்டிக் இருக்கான்னு பாத்துட்டுதான் மேல விட்டாங்க.

போக வர கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர் நடை. கொஞ்ச தூரம் சோலைக்காடு, உள்ள இருட்டு, கால் வைக்கிற இடமெல்லாம் அட்டை, அப்புறம் திடீர்னு வெளிய வந்தா மலை முழுக்க வெறும் புல்லு, மறுபடி ஒரு மடிப்புல சோலை, இப்படியே மாறி மாறி வருது. பேஞ்ச மழை பூரா இந்தப் புல்லும் சோலையும் உறிஞ்சி வச்சுக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா விடுது, அதனாலதான் மழை விட்டப்புறமும் ஓடையெல்லாம் ஓடிக்கிட்டே இருக்கு.

துங்கா, பத்ரா, நேத்ராவதி மூணும் இந்த மலைத்தொடர்லதான் பொறக்குது, கங்காமூலான்னு ஒரு இடத்துல. நேத்ராவதி மேற்கே மங்களூர் போய் அரபிக்கடல்ல விழுந்துடும். மத்த ரெண்டும் கிழக்கே போய், கூட்லியில துங்கபத்ராவா சேர்ந்து, அப்புறம் கிருஷ்ணாவுல கலக்குது. தெலுங்கு கங்கை கால்வாய் வழியா, சென்னைக்குக் குடிதண்ணி தர்ற நம்ம பூண்டி ஏரிக்கு வர்றதும் அந்தக் கிருஷ்ணா தண்ணிதானே! சென்னைக்காரன் எனக்கு இது மேல ஏறுனப்பதான் உறைச்சுது.

1,890 மீட்டருக்கு மேல இருக்குற உச்சியில ஒரே பனிமூட்டம், அஞ்சு நிமிஷம் விலகுச்சு, அவ்ளோதான். குதுரேமுக்னா கன்னடத்துல குதிரை மூஞ்சி, மலை அப்படித் தெரியும்னு சொல்வாங்க, அதுமேலயே நின்னா எங்க தெரியும்.

மறுநாள் குதுரேமுக் டவுனுக்குப் போனோம். இரும்புத்தாது தோண்டுன ஊர். 1987லயே நேஷனல் பார்க் ஆக்குனாங்க, ஆனா சுரங்கம் பாட்டுக்கு நடந்துச்சு, மண்ணெல்லாம் கரைஞ்சு பத்ராவுக்குப் போச்சு. சுப்ரீம் கோர்ட் சொன்னப்புறம்தான் 2005 கடைசியில மூடுனாங்க. கழிவுமண்ணைத் தேக்க கட்டுன லக்யா அணை இன்னும் அப்படியே நிக்குது. ஆளில்லாத குவார்ட்டர்ஸ், ஜன்னல் வழியா செடி எட்டிப் பாக்குது. எனக்கு உச்சியை விட இந்த ஊர்தான் ராத்திரியெல்லாம் மனசுல ஓடுச்சு.

முல்லோடி ஓடையில ஸ்டீல் பாட்டில் ஒண்ணு பிடிச்சு வீட்டுக்குப் பத்திரமா கொண்டு வந்தேன். கிருஷ்ணா தண்ணிம்மா, பொறக்குற எடத்துலயே பிடிச்சதுன்னு நீட்டினா, அம்மா வாங்கி ஃபில்டர்ல ஊத்திட்டாங்க.