அரை வோல்ட்டுக்காக ஓர் அலைச்சல்

என்னிடம் இருப்பது 2001ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி, 1.5 லிட்டர் பெட்ரோல். ஆக்ஸிலரேட்டருக்கு இன்னும் கேபிள்தான். எஞ்சினுக்குக் காற்று விடும் திராட்டில் தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்வது திராட்டில் பொசிஷன் சென்சார். இந்த மாதிரி வண்டியில் அதைக் கழற்றி மாட்டுவது பெரிய வித்தை இல்லை. அதற்கு முன்னால் பட வேண்டியிருக்கிற பாடுதான் உயிரை வாங்குகிறது. அந்த எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

மூன்றாவது கியரில், 40 கி.மீ. வேகத்தில், காலை அசைக்காமல் போனால் வண்டி வெட்டி வெட்டி இழுத்தது. கொஞ்சம் அழுத்தினால் சரியாகிவிடும். சிக்னலில் நின்றால் சில நேரம் அணைந்தே போகும். வழக்கமாக விடும் ஒர்க்‌ஷாப்பில் முதலில் ஸ்பார்க் பிளக்கை மாற்றினார்கள். அடுத்து பெட்ரோல் ஃபில்டர். அதற்கும் அடங்காமல் இன்ஜெக்டர் கிளீனிங். ஒவ்வொன்றுக்கும் பில் வந்தது, வெட்டு மட்டும் போகவில்லை. "பழைய வண்டி சார், இப்படித்தான் இருக்கும்" என்று தேற்றி அனுப்பினார்கள். இத்தனைக்கும் நடுவில் ஒருவர்கூட மல்டிமீட்டரைக் கையில் எடுக்கவில்லை.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வண்டி அணைந்துபோகாமல் இருக்க, திராட்டில் தகடு வந்து நிற்கும் ஸ்டாப் திருகையே முறுக்கிவைத்திருந்தார்கள். அதன் மேல் கம்பெனி வைத்த பெயின்ட் உடைந்திருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். அது ஐடிலிங், அதாவது மிதியை அழுத்தாதபோது எஞ்சின் ஓடும் வேகம், வைப்பதற்கான திருகு அல்ல. தகடு முழுதாக மூடும்போது குழாயில் சிக்கிக்கொள்ளாமல் தடுப்பது மட்டுமே அதன் வேலை. அதைத் திருகினால் 'மூடிய நிலை' என்பதே இடம் மாறிவிடும். சென்சார் கணக்கும் அதோடு போயிற்று.

கோளாறு எங்கே என்று கடைசியில் சொன்னது வண்டிதான். டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் இரண்டு பின்கள் கொண்ட சர்வீஸ் கனெக்டரை ஒரு கம்பித் துண்டால் இணைத்துச் சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பினால், செக் எஞ்சின் விளக்கு கண்சிமிட்டிக் கோளாறு எண்ணைக் காட்டும். ஏழு சிறு சிமிட்டல். அந்தக் காலத்து ஹோண்டாக்களில் 7 என்றால் திராட்டில் சென்சார்.

இந்தச் சென்சாரில் மூன்று கம்பிகள்: 5 வோல்ட் வருவது ஒன்று, எர்த் ஒன்று, மிதியின் அழுத்தத்துக்கு ஏற்ப இ.சி.யு.வுக்கு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) சிக்னல் போவது ஒன்று. சென்சாரைக் குற்றம் சொல்வதற்கு முன், 5 வோல்ட் ஒழுங்காக வருகிறதா, எர்த் சுத்தமா என்று பார்த்துவிடுங்கள். பிறகு சிக்னல் கம்பியில் மீட்டரை வைத்து மிதியை மிக மெதுவாக அழுத்த வேண்டும். இதற்கு முள் வைத்த பழைய அனலாக் மீட்டர்தான் சரி. நொடிப்பொழுது விழுந்து எழும் மின்னழுத்தத்தை மலிவான டிஜிட்டல் மீட்டர் காட்டாது. சென்னை ரிச்சி தெருவில் ஒன்று வாங்கினேன். மிதியைக் கால்வாசி அழுத்திய இடத்தில் முள் சடாரென்று கீழே விழுந்து மேலே வந்தது. நகரத்துக்குள் கால் எப்போதும் நிற்கிற இடம் அதுதானே, சென்சாருக்குள் முனை உரசி ஓடும் கார்பன் தடம் அங்கேதான் தேயும்.

உதிரி பாகக் கடைகளில் ஒரே பாட்டு: "தனியாக வராது சார், முழு திராட்டில் பாடியாகத்தான் வாங்க வேண்டும்." தகடும் அது இருக்கும் குழாயும் சேர்ந்ததுதான் திராட்டில் பாடி. அவர்கள் சொன்னது பொய் இல்லை. இந்த வண்டியில் சென்சாரை, இறுக்கியதும் தலை முறிந்துவிடும் திருகுகளால் பூட்டியிருப்பார்கள், கழற்றவே கூடாது என்பது எண்ணம். ஒரு கடையில் மட்டும் "அப்படியே பொருந்தும்" என்று ஒரு சென்சாரை எடுத்துக் கொடுத்தார்கள். பொருந்தத்தான் செய்தது. கனெக்டரும் கிளிக்கென்று உட்கார்ந்தது. ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகவே இல்லை.

மீட்டரை வைத்துப் பார்த்தால் மிதியைத் தொடாமலே 4.5 வோல்ட், முழுதாக அழுத்தினால் வர வேண்டிய அளவு. அழுத்த அழுத்த இறங்குகிறது! 5 வோல்ட் பின்னும் எர்த் பின்னும் இடம் மாறிய வேறு வண்டிச் சென்சார் அது. ஸ்டார்ட் செய்யும்போது மிதி முழுதாக அழுத்தியிருந்தால், எஞ்சினில் பெட்ரோல் அதிகமாகிவிட்டது என்று எண்ணி இன்ஜெக்டரை நிறுத்திவைக்கும் ஏற்பாடு பல இ.சி.யு.க்களில் உண்டு. திருப்பிக் கொடுக்கப் போனேன். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சுவரில் இருந்த பலகையைக் காட்டினார்: "எலெக்ட்ரிக்கல் பொருட்கள் திரும்பப் பெறப்பட மாட்டாது." கவரைப் பிரிக்கும் முன் கடையிலேயே மூன்று பின்களையும் பழையதோடு ஒப்பிட்டு அளந்துவிடுங்கள், முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கடைசியில் புதுப்பேட்டைதான் கைகொடுத்தது. உடைத்த வண்டியிலிருந்து எடுத்த திராட்டில் பாடி ஒன்று, சென்சாரோடு. கடைப் பெரியவர் தானாகவே "மீட்டர் வைத்துப் பாருங்கள் தம்பி" என்றார். ஓரத்துப் பின்கள் இரண்டுக்கும் இடையே ரெசிஸ்டன்ஸ் மாறக் கூடாது. நடுப் பின்னில் தடங்கலின்றி ஏற வேண்டும். ஏறியது. முழு பாடிக்குப் புதிதாகச் சொன்ன விலையோடு பார்த்தால் கொடுத்தது சில்லறைக் காசு.

அந்தப் பாடியின் முறிந்த தலைத் திருகுகளில் ரம்பத்தால் கோடு கீறி, தட்டை ஸ்குரூடிரைவரால் கழற்றி, சென்சாரை மட்டும் என் வண்டிக்கு எடுத்துக்கொண்டேன். இரும்புத்தூள் உள்ளே விழாமல் துணியை அடைக்க மறக்காதீர்கள். மாற்றுத் திருகுக்குப் பழையதைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குவதே நல்லது.

இனி வரிசை முக்கியம். முதலில் தகட்டின் விளிம்பில் படிந்த கரியைத் துடைக்க வேண்டும். கரி இருந்தால் தகடு முழுதாக மூடாது, அளவு பொய்யாகும். அடுத்து ஸ்டாப் திருகைத் தளர்த்தி, தகடு சிக்காமல் மூடும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். கேபிளில் சிறிது தளர்வு இருக்கட்டும். அதற்குப் பிறகே சென்சார். எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டு, சென்சாரை இரு பக்கமும் லேசாகத் திருப்பி 0.5 வோல்ட் வரும் இடத்தில் நிறுத்தினேன். திருகை இறுக்கியதும் 0.58 ஆனது. தளர்த்தி, கொஞ்சம் குறைத்து வைத்து, இரண்டு திருகையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கினால்தான் நின்றது. எத்தனை தடவை செய்தேன் என்று கேட்காதீர்கள். முழு அழுத்தத்தில் 4.5 வர வேண்டும். அதைத் திராட்டிலைக் கையால் இழுத்துப் பார்த்தால் போதாது, ஒருவரை உட்காரவைத்து மிதியை அழுத்தச் சொல்லிப் பாருங்கள். என் மனைவி அழுத்தியபோது 3.9ஐத் தாண்டவில்லை. மிதிக்குக் கீழே மிதியடி மடிந்து கிடந்தது!

இ.சி.யு.வின் நினைவுக்கு மின்சாரம் தரும் பேக்-அப் ஃபியூஸைச் சற்று நேரம் கழற்றி மாட்டிப் பழைய கோளாறு எண்ணை அழித்தேன். எஞ்சின் சூடேறிய பின், அதற்கென்றே இருக்கும் காற்றுவழித் திருகில் ஐடிலிங்கைச் சரிசெய்தேன். மறுநாள் கத்திப்பாரா மேம்பாலத்தில் மூன்றாவது கியரில், அதே 40இல், காலை அசைக்காமல் ஏறினேன். ஒரு வெட்டுகூட இல்லை.

பழைய சென்சாருக்குள் கான்டாக்ட் ஸ்பிரே அடித்துப் பார்க்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தேய்ந்த கார்பன் அதனால் முளைக்காது, பணத்தை வீணாக்க வேண்டாம். ஸ்டாப் திருகின் மேல் மனைவியின் சிவப்பு நகப்பூச்சை ஒரு சொட்டு வைத்திருக்கிறேன். இனி எந்த ஒர்க்‌ஷாப்பில் கைவைத்தாலும் வண்டியை எடுக்கும்போதே தெரிந்துவிடும்.